அணை நீர் நிலத்தை நடுங்க வைத்ததா? நாமே சோதித்துப் பார்ப்பது எப்படி

மும்பைக் குழாய்களில் வரும் குடிநீரில் பெரும்பங்கு ஷாஹாபூர் வட்டத்திலுள்ள பாட்சா அணையிலிருந்து வருகிறது. 1977-இல் நீர் தேக்கத் தொடங்கிய அந்த அணையை ஒட்டி 1983-இல் அதிர்வுகள் பெருகின. அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று 4.9 அளவில் ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டது. மும்பைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கொய்னா அணைப் பகுதியில், 1967 டிசம்பர் 11 அதிகாலையில் 6.3 அளவில் நேர்ந்த நிலநடுக்கம் சுமார் 180 உயிர்களைப் பறித்தது. நீர்த்தேக்கம் தூண்டிய நிலநடுக்கங்களில் உலகிலேயே பெரியதாக அது இன்றும் கருதப்படுகிறது. வடக்கே பால்கர் மாவட்டத்துத் தஹாணு, தலாசரி வட்டங்களில் 2018 நவம்பரில் தொடங்கிய நடுக்கத் தொடர் மாதக்கணக்கில் மக்களை வீட்டுக்கு வெளியே படுக்க வைத்தது.

இப்படி ஓர் அதிர்வு வந்துவிட்டால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் உள்ள நம் குடும்பங்களில் இரண்டு விதமான பேச்சு உடனே கிளம்புகிறது. அணை நிரம்பியதால்தான் என்பார் ஒருவர். அணைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பார் மற்றவர். இருவருமே கணக்குப் பார்த்துச் சொல்வதில்லை. வெளிப்படையாகக் கிடைக்கும் தகவல்களையும் பள்ளிக்கூடக் கணிதத்தையும் கொண்டே இந்தக் கேள்வியை ஒரு சாதாரண வாசகர் பெருமளவு சோதித்துவிட முடியும். நடுங்கும் நிலத்தின் மேல் தேங்கும் நீரைக் குடித்து வாழ்கிற நமக்கு அந்தத் திறன் அவசியம் என்று நான் உறுதியாக நம்புவதால், அதற்கான முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இயக்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

நிலத்தடியில் பாறைகள் முழுமையான கட்டியாக இருப்பதில்லை. பழைய முறிவுகள், அதாவது பிளவுத் தளங்கள், அவற்றை ஊடறுத்துச் செல்கின்றன. ஒரு தளத்தின் இரு பக்கங்களையும் ஒன்றையொன்று தாண்டி நகர்த்தப் பார்க்கும் விசை, அதாவது சறுக்குத் தகைவு, ஒருபுறம் செயல்படுகிறது. இரு பக்கங்களையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் தகைவும், அதனால் விளையும் உராய்வும் மறுபுறம் அதைத் தடுக்கின்றன. பாறையின் நுண்துளைகளிலும் விரிசல்களிலும் இருக்கும் நீர், இந்த அழுத்திப் பிடிக்கும் தகைவின் ஒரு பங்கைத் தான் தாங்கிக்கொள்கிறது. துளைநீர் அழுத்தம் கூடும் அளவுக்கு உராய்வு குறைகிறது. மண்ணியல் பொறியாளர் கார்ல் டெர்சாகி 1920-களில் மண்ணுக்கு வகுத்த இந்த விதியை, 1959-இல் நிலவியலாளர்கள் கிங் ஹப்பர்ட்டும் வில்லியம் ரூபியும் பெரும் பாறைத் தொகுதிகளின் நகர்வுக்குப் பொருத்திக் காட்டினார்கள்.

சமையலறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வெந்நீரில் அலசிய கண்ணாடி டம்ளரை, சற்றே சாய்வான, ஈரமான கிரானைட் மேடையில் கவிழ்த்து வையுங்கள்; யாரும் தொடாமலேயே அது மெல்ல நகரும். உள்ளே அகப்பட்ட காற்று சூடாகி விரிந்து டம்ளரின் எடையில் ஒரு பகுதியைத் தாங்கிவிடுவதால், விளிம்புக்கும் மேடைக்கும் இடையிலுள்ள உராய்வு குறைந்துபோகிறது. டம்ளர் ஆறியதும் நின்றுவிடும். மேடையில் சாய்வு இல்லையென்றால் எவ்வளவு சூடாக இருந்தாலும் அது ஓரடிகூட நகராது என்பதையும் கவனியுங்கள். சாய்வு செய்யும் வேலையை நிலத்தடியில் சறுக்குத் தகைவு செய்கிறது. அது காலங்காலமாகப் புவித்தட்டுகளின் நகர்வால் சேர்ந்தது. நீர் அதைப் படைப்பதில்லை. சேர்ந்து கிடப்பதை முன்கூட்டியே அவிழ்த்துவிடுகிறது. "தூண்டப்பட்ட நிலநடுக்கம்" என்று சொல்வது இந்தப் பொருளில்தான்.

எண்களையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் மேலேயுள்ள பாறையின் சுமை சுமார் 132 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). அதே ஆழத்தில் இயல்பான நீரழுத்தம் சுமார் 49 மெகாபாஸ்கல். மீதமுள்ள 83 மெகாபாஸ்கல்தான், கணக்கை எளிமையாக்கிச் சொன்னால், பிளவை உண்மையில் இறுக்கிப் பிடிக்கிறது. நூறு மீட்டர் உயர நீர்த்தேக்கம் தன் அடித்தளத்தில் ஏறக்குறைய 1 மெகாபாஸ்கல் அழுத்தத்தைச் சேர்க்கிறது. ஆழத்துக்குச் செல்லச் செல்ல அது குறையும். 83-க்கு முன்னால் இது அற்பமாகத் தெரியலாம். ஆனால் உடையும் விளிம்பில் ஏற்கெனவே நிற்கும் பிளவை நகர்த்த 0.01 முதல் 0.1 மெகாபாஸ்கல் வரையிலான மாற்றமே போதும் என்பது பல இடங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. 0.01 மெகாபாஸ்கல் என்பது ஒரு மீட்டர் உயர நீரின் அழுத்தம். ஆகவே "இவ்வளவு பெரிய பூமியை இந்தத் தண்ணீர் என்ன செய்துவிடும்" என்ற வாதத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடலாம். அந்தப் பிளவு விளிம்பில் நின்றதா, நீரழுத்தம் அதுவரை சென்று சேர வழியும் காலமும் இருந்தனவா என்ற இரண்டு கேள்விகளே மிஞ்சுகின்றன.

நடுக்கத்தின் விவரங்களைத் திரட்டுதல்

தேசிய நில அதிர்வு மையம் தன் இணையதளத்திலும் "பூகம்ப்" செயலியிலும் ஒவ்வொரு நடுக்கத்தின் நேரம், இடம், ஆழம், அளவு ஆகியவற்றை வெளியிடுகிறது. ஒரே ஒரு நடுக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். அந்த இடத்தைச் சுற்றிச் சில பத்து கிலோமீட்டருக்குள், குறைந்தது கடந்த சில ஆண்டுகளில் நேர்ந்தவை அனைத்தையும் பட்டியலிடுங்கள். தனித்த ஒரு நிகழ்வை எந்தக் காரணத்தோடும் முடிச்சுப் போட்டுவிடலாம். ஒரு வரிசையை அப்படி எளிதில் வளைக்க முடியாது.

பட்டியலில் இரண்டு பொறிகள் உண்டு. ஆழத்துக்கான கட்டத்தில் 5 அல்லது 10 என்ற முழு எண்ணே திரும்பத் திரும்ப வந்தால், கருவிகள் போதிய அருகில் இல்லாததால் ஆழத்தை ஓர் எண்ணில் நிறுத்தி வைத்து மற்றவற்றைக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். அதை அளந்த ஆழமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது பொறி இன்னும் ஏமாற்றக்கூடியது. ஒரு பகுதியில் அதிர்வு உணரப்பட்டதும் அங்கே புதிய கருவிகளை நிறுவுகிறார்கள்; அதுவரை பதிவாகாத மிகச் சிறிய நடுக்கங்களும் அதன்பின் பதிவாகத் தொடங்குவதால் எண்ணிக்கை திடீரென்று பலமடங்கு ஏறிவிட்டதுபோல் தோன்றும். பால்கர் பட்டியலைக் கையாளும் எவரும் இதை மனத்தில் வைக்க வேண்டும். பழைய கருவிகளாலும் தவறாமல் பிடிபட்டிருக்கக்கூடிய ஓர் அளவை, உதாரணமாக 3-ஐ, எல்லையாக வைத்து அதற்குக் கீழ்ப்பட்டவற்றை நீக்கிவிட்டு எண்ணுவதே நேர்மையான வழி.

நீரின் கணக்கு

மும்பை மாநகராட்சி தனக்கு நீர் தரும் ஏழு ஏரிகளின் மட்டத்தை மழைக்காலத்தில் நாள்தோறும் அறிவிக்கிறது. மத்திய நீர் ஆணையத்தின் வாராந்தர அறிக்கையில் நாட்டின் பெரிய தேக்கங்களின் மட்டமும் இருப்பும் வருகின்றன. மாநில நீர்வளத் துறையும் அணைவாரியாக வெளியிடுகிறது. சதவீதத்தைவிட மீட்டரில் தரப்படும் நீர்மட்டமே நமக்கு வேண்டும். ஏனென்றால் அழுத்தத்தைத் தீர்மானிப்பது நீரின் உயரம், கொள்ளளவு அன்று.

மட்டத்தைக் குறிக்கும்போது மூன்று விஷயங்களைத் தனித்தனியே பாருங்கள். கொய்னாவைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த ஹர்ஷ் குப்தாவும் அவருடன் பணியாற்றியவர்களும், நீர்மட்டம் ஏறும் வேகம், எட்டிய உச்ச மட்டம், அந்த உயரத்தில் நீர் நின்ற காலம் ஆகிய மூன்றுக்கும் நடுக்கங்களோடு தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். ஒரு வாரத்தில் 12 மீட்டர் அல்லது அதற்கு மேல் மட்டம் ஏறுவது, அங்கே 5-க்கு மேற்பட்ட அளவில் நடுக்கம் நேர்வதற்குத் தேவையான நிபந்தனை. ஆனால் அது மட்டுமே போதாது என்பதும் அவர்களுடைய முடிவுகளில் ஒன்று. முந்தைய ஆண்டுகளின் உச்சத்தை இந்த ஆண்டு தாண்டியதா என்பதும் முக்கியமானது, ஏனெனில் ஒருமுறை தாங்கிய அழுத்தத்துக்குப் பழகிவிட்ட பாறை, அதை மிஞ்சும் அழுத்தத்துக்கே புதிதாக இளகிக் கொடுக்கும் போக்குடையது.

இனி இரண்டையும் ஒரே தாளில் வரையுங்கள். கிடைமட்டத்தில் காலம், நீர்மட்டத்துக்கு நீலக் கோடு, ஒவ்வொரு நடுக்கத்துக்கும் அதன் அளவுக்கேற்ற உயரத்தில் ஒரு சிவப்புக் குச்சி. வரைபடத்தாளில் கையால் வரைந்தாலே போதும். கணினியில் வரைவதைவிட அதில் கண் அதிகம் தங்குகிறது என்பது என் அனுபவம். கொய்னாவுக்கு வரைந்தால் ஜூன் கடைசியில் நீலக் கோடு செங்குத்தாக எழுந்து ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் உச்சியைத் தொடுவதும், சிவப்புக் குச்சிகள் செப்டம்பரிலும், பிறகு டிசம்பர் முதல் மார்ச் வரையிலும் அடர்வதும் தெரியும். 1985-இல் தெற்கே வார்ணா தேக்கம் நிரம்பத் தொடங்கிய பிறகு நடுக்கங்கள் அந்தத் திசையிலும் பரவின. ஆனாலும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவை சுமார் 20-க்கு 30 கிலோமீட்டர் பரப்புக்குள்ளேயே நிகழ்ந்துவருகின்றன. தக்காணத்தின் பிற பகுதிகளைவிட்டு அந்தச் சிறிய பரப்பிலேயே அவை நிலைத்திருப்பது மிக வலுவான சான்று என்பது என் கருத்து.

இடைவெளிக் காலத்தைச் சோதித்தல்

பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். தேக்கத்தின் அடியிலிருந்து நீரழுத்தம் பாறை விரிசல்கள் வழியே பரவி ஆழத்தைச் சென்றடைய நேரமாகும். நீரே அவ்வளவு தூரம் பயணிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே விரிசல்களை நிரப்பியிருக்கும் நீரின் வழியாக அழுத்தம் பரவினால் போதும். அது பரவும் வேகத்தைப் பாறையின் பரவல் குணகம் என்ற எண் தீர்மானிக்கிறது. விரிசல் விட்ட பாறைகளில் அது பெரும்பாலும் வினாடிக்கு 0.01 முதல் 10 சதுர மீட்டர் வரை இருக்கும். தூரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி, அதை 12.6 மடங்கு பரவல் குணகத்தால் வகுத்தால், அழுத்தத்தின் முன்முனை அங்கே சேர எத்தனை வினாடிகள் ஆகும் என்று தோராயமாகத் தெரியும்.

ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 10 அன்று ஒரு தேக்கம் நிரம்பி வழிகிறது. 12 அன்று அதன் நேர்க்கீழே 8 கிலோமீட்டர் ஆழத்தில் நடுக்கம். 8,000-ஐ வர்க்கப்படுத்தினால் 6.4 கோடி. குணகம் 1 என்றால் சுமார் 51 லட்சம் வினாடிகள், அதாவது ஏறக்குறைய 59 நாட்கள். குணகம் 0.1 என்றால் ஒன்றரை ஆண்டுக்கும் மேல். இரண்டே நாளில் அழுத்தம் அங்கே பரவியிருக்க முடியாது. ஆகவே "முந்தாநாள் நிரம்பியது, இன்று நடுங்கியது" என்ற வாதம் இந்த வழியில் நிற்காது. ஆனால் அவசரப்பட்டு மறுக்கவும் வேண்டாம்: நீரின் எடை பாறையை அமுக்கும் விளைவு தாமதமின்றி ஆழத்தை எட்டுகிறது, அது சில பிளவுகளை இளக்கும், சிலவற்றை மேலும் இறுக்கும். எனவே உடனடி விளைவையும் தாமத விளைவையும் தனித்தனியே எழுதி வைத்து, எந்தக் குச்சிகள் எதோடு பொருந்துகின்றன என்று பாருங்கள். தாமத வகையாக இருந்தால், காலப்போக்கில் நடுக்கங்கள் தேக்கத்திலிருந்து விலகி வெளியேயும் கீழேயும் பரவ வேண்டும். அந்தப் பரவல் காணப்பட்டால் உங்கள் வாதம் மிகவும் வலுப்பெறும்.

ஆழ்துளைகளில் நீரைச் செலுத்தும் இடங்கள்

அணைகளில் காண்பதைவிடத் தெளிவாக இந்த இயக்கம் வெளிப்பட்டது, மனிதர் பம்பு வைத்து நீரைச் செலுத்திய இடங்களில்தான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரருகே ராணுவக் கிடங்கொன்றின் கழிவுநீரை 3,671 மீட்டர் ஆழக் கிணற்றில் 1962 மார்ச்சில் செலுத்தத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே நடுக்கங்கள் தொடங்கின. 1966 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். ஆனால் பெரிய நடுக்கங்கள், 5-ஐ ஒட்டிய அளவில், 1967-இல்தான் வந்தன, ஏனெனில் ஏற்கெனவே ஏறிய அழுத்தம் நிறுத்திய பிறகும் பரவிக்கொண்டே இருந்தது. "நிறுத்தியும் நடுங்குகிறதே, ஆகவே காரணம் அதுவன்று" என்று யாராவது சொன்னால் டென்வரை நினைவுபடுத்துங்கள்.

அதே கொலராடோ மாநிலத்தில் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் 1969 முதல் 1973 வரை நடந்த சோதனை இத்துறையின் மைல்கல். பாறை மாதிரிகளின் உராய்வையும் நிலத்தடித் தகைவையும் அளந்து, துளைநீர் அழுத்தம் 257 பார் (25.7 மெகாபாஸ்கல்) அளவைத் தாண்டினால் பிளவு நகரும் என்று கணக்கிட்டார்கள். அழுத்தத்தை அதற்கு மேல் ஏற்றியபோது நடுக்கங்கள் வந்தன. கீழே இறக்கியபோது அடங்கின. ஊகம் முழுமையான அறிவியலாக மாறிய இடம் அது என்று நான் மதிக்கிறேன்.

செலுத்திய நீரின் அளவைக் கொண்டே நடுக்கத்தின் உச்ச அளவை மதிப்பிடும் ஒரு வழியும் உண்டு. அதை மட்டும் நம்பிவிட வேண்டாம். சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் 2006-இல் புவிவெப்ப மின்திட்டத்துக்காகச் சுமார் 11,500 கனமீட்டர் நீரைச் செலுத்தியபோது 3.4 அளவில் நடுக்கம் வந்தது. திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. தென்கொரியாவின் போஹாங்கிலும் செலுத்திய நீர் அதே வரிசையிலான அளவுதான். ஆனால் 2017 நவம்பர் 15 அன்று வந்தது 5.5, அரசு அமைத்த ஆய்வுக்குழு 2019 மார்ச்சில் அத்திட்டமே அதைத் தூண்டியதென்று முடிவு சொன்னது. போஹாங்கில் நீர் சென்று தொட்டது, உடையத் தயாராக நின்ற ஒரு பிளவை. பிளவு எவ்வளவு பெரியது, எவ்வளவு தகைவு ஏறியது என்பதை நீரின் அளவு சொல்லாது. ஓக்லஹோமாவில் எண்ணெய்க் கழிவுநீரைச் செலுத்திய ஆண்டுகளில் நடுக்கங்கள் பெருகி, 2016 செப்டம்பரில் பாவ்னியில் 5.8 அளவை எட்டியதும், செலுத்தும் அளவைக் குறைத்த பின் எண்ணிக்கை சரிந்ததும் இதே கதையின் நீட்சி.

எல்லா நகர்வும் நடுக்கமாக வெளிப்படுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரான்சின் தென்கிழக்கில் சுண்ணாம்புப் பாறைக்குள் 282 மீட்டர் ஆழத்திலுள்ள ஒரு பிளவில் நீரைச் செலுத்தி அளந்து, 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நகர்வின் பெரும்பகுதி சத்தமின்றி மெதுவாகவே நடந்தது. சின்னஞ்சிறு அதிர்வுகள் அதன் பின்னாலேயே வந்தன. மெதுவாக நகரும் பகுதி, நீர் இன்னும் எட்டாத பக்கத்துப் பகுதியின் மேல் தகைவை ஏற்றிவிடக்கூடும். இதனால்தான் நீரழுத்தம் சென்றிருக்க முடியாத தொலைவிலும் சில நடுக்கங்கள் தோன்றுகின்றன.

வீட்டுவசதிச் சங்கத்து போர்வெல் பற்றி

நம் கட்டடத்து போர்வெல்லும் நடுக்கத்தைத் தூண்டுமா என்ற கேள்வி எல்லாக் கூட்டங்களிலும் வருகிறது. மும்பைக் கட்டடங்களின் போர்வெல்கள் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள் நிற்கும் ஆழமற்ற துளைகள். அவற்றிலிருந்து எடுக்கும் நீர் பல கிலோமீட்டர் ஆழத்துப் பிளவை அசைக்கும் என்று கருத இடமில்லை. ஒரு பெரும் நிலப்பரப்பில் பல பத்தாண்டுகள் இடைவிடாது நீரையோ எரிவாயுவையோ எடுப்பது வேறு விஷயம். நெதர்லாந்தின் குரோனிங்கன் எரிவாயு வயலில் 2012-இல் 3.6 அளவு நடுக்கம் வந்தது. உற்பத்தி இறுதியில் நிறுத்தப்பட்டது. ஸ்பெயினின் லோர்காவில் 2011-இல் ஒன்பது பேரைப் பலிகொண்ட நடுக்கத்தை, ஐம்பது ஆண்டுகளில் நிலத்தடி நீர்மட்டம் 250 மீட்டர் இறங்கியதோடு ஓர் ஆய்வு தொடர்புபடுத்தியது.

முடிவை எழுதும் விதம்

கடைசியில் உங்கள் தாளுக்கு எதிரே சில கேள்விகளை வைத்து விடை எழுதுங்கள். நீர் வருவதற்கு முன் அங்கே இத்தகைய நடுக்கங்கள் இருந்தனவா? நீரின் ஏற்ற இறக்கத்தோடு காலம் பொருந்துகிறதா, அந்தப் பொருத்தம் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் திரும்ப வருகிறதா? நடுக்க மையங்கள் தேக்கத்துக்கோ கிணற்றுக்கோ அருகில் உள்ளனவா? அங்கிருந்து அந்த ஆழத்துக்கு அழுத்தம் செல்ல அறியப்பட்ட பிளவு ஏதேனும் உண்டா? கணக்கிட்ட அழுத்த மாற்றம் குறைந்தது 0.01 மெகாபாஸ்கலாவது தேறுமா? பெரும்பாலானவற்றுக்கு "ஆம்" என்றால் "தூண்டப்பட்டதாகக் கருத வலுவான காரணம் உண்டு" என்று எழுதலாம். பாதிக்குப் பாதி என்றால் "தீர்மானிக்க இயலவில்லை" என்பதே சரியான வாக்கியம். அதை எழுதத் தயங்காதீர்கள்.

கொய்னாவை இந்தக் கேள்விகளில் நிறுத்தினால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தேறும். பாட்சாவும் காலத்திலும் இடத்திலும் நன்றாகப் பொருந்துகிறது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் பல்லாயிரம் பேர் வாழ்ந்த ஊர்களைத் தரைமட்டமாக்கிய, லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி நிலநடுக்கம் அப்படிப்பட்டதன்று. அருகில் கீழ்த் தேர்ணா நீர்த்தேக்கம் இருந்ததைக் கொண்டு சிலர் அதைக் காரணமாக வாதிட்டாலும், தொடர்ந்து பல ஆண்டுகள் திரும்ப வரும் பொருத்தம் கொய்னாவைப்போல் அங்கே காணப்படவில்லை. பால்கர் நடுக்கத் தொடருக்கு நிலத்தடித் திரவ நகர்வு ஒரு விளக்கமாக ஆய்வுகளில் முன்வைக்கப்பட்டுள்ளது. அங்கே ஆழத்தில் நீரைச் செலுத்தும் கிணறோ, கொய்னாவைப்போல் நேர்மேலே பெருந்தேக்கமோ இல்லாததால், மழைநீர் ஊடுருவல், ஆழத்துத் திரவம், மெதுவான நகர்வு ஆகியவற்றைத் தனித்தனியே சோதிக்க வேண்டியிருக்கிறது. கொய்னாப் பகுதியிலேயே, தக்காண எரிமலைப் பாறைகளைத் துளைத்து அடியிலுள்ள கருங்கல்லுக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை ஒரு முன்னோடித் துளை இடப்பட்டு, கராட் நகரிலுள்ள ஆழ்துளைப் புவி இயற்பியல் ஆய்வகம் அப்பணியைத் தொடர்ந்துவருவதற்குக் காரணம், மேலிருந்து ஊகிக்கும் இந்த எண்களை உள்ளிருந்தே அளக்க வேண்டும் என்பதுதான்.

உங்கள் வரைபடத்தை மழை நின்றதும் மூடிவிடாதீர்கள். தாமத விளைவுகள் தெரிவது அதன் பிறகே என்பதால், ஜூனில் தொடங்கிய நீலக் கோட்டையும் சிவப்புக் குச்சிகளையும் அடுத்த ஆண்டு மே வரை இடைவிடாமல் நிரப்பி, அதன்பின் முந்தைய ஆண்டின் தாளை அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.